தலையணையைப் பார்த்தீங்களா?

போன வருஷம் ஐப்பசி மாசம். எங்கள் அயித்தைக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது. அறந்தாங்கி பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. ‘இன்னிக்கே போகலாம், நாளைக்குக் காலையில செக்கப்புக்கு வந்துடுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்புவதென்றால் பஸ்ஸில் போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர மூன்று மணி நேரத்துக்கு மேல். அதனால் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம்.

கவுண்டரில் நான் என்னென்ன கேட்டேன் தெரியுமா? ‘வாடகை எவ்வளவு? ஏ.சி. வேணாம்னா எவ்வளவு குறையும்? காலையில எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?’ அவ்வளவுதான். அட்வான்ஸைக் கட்டிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, கண்ணில் கட்டோடு நிற்கிற அயித்தையை மாடிப்படி ஏற்றினேன்.

ரூமுக்குள் போய் லைட்டைப் போட்டால்... தலையணை! உறை என்று ஒன்று இருந்தது. நடுவில் பழுப்பாக வட்டம். யாரோ தேய்த்த எண்ணெய், யாரோ அடித்த தலைச்சாயம், இன்னும் யார் யாரோ விட்டுப்போன வியர்வை. ஆபரேஷன் ஆகி நாலு மணி நேரம் ஆகாத கண்ணை அதன்மேல் சாய்க்க வேண்டும்.

இதில் வெட்கக்கேடு என்ன என்றால், நான் ஒரு நர்ஸ். ‘ஆபரேஷன் ஆன கண்ணைக் கசக்கக் கூடாது, அழுக்குத் துணி படக் கூடாது, தண்ணீர் படக் கூடாது’ என்று வாரத்துக்குப் பத்துப் பேருக்குப் பாடம் சொல்கிறவள். அப்படிப்பட்ட நான் என்ன செய்தேன்? பையிலிருந்து ஒரு துவைத்த வேட்டியை எடுத்துத் தலையணைமேல் விரித்து, ‘படுங்க அயித்தை’ என்றேன். கீழே இறங்கிப் போய்க் கேட்கக் கூச்சம். ‘ஒரு நாள் ராத்திரிதானே!’ என்று ஒரு சமாதானம் வேறு.

அயித்தை படுக்கவில்லை. நல்ல கண்ணால் தலையணையை ஒரு பார்வை பார்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடிப்படி இறங்கினார். கவுண்டர் பையனிடம் தலையணையை நீட்டி, சத்தம் போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

‘தம்பி, இதுல உங்க ஆத்தாளைப் படுக்க வைப்பியாப்பா?’

பையன் பதில் சொல்லவில்லை. உள்ளே ஓடினான். ஐந்து நிமிஷத்தில் புது உறை போட்ட இரண்டு தலையணை, துவைத்து மடித்த இரண்டு விரிப்பு, ஒரு சோப்புக்கட்டி எல்லாம் வந்து இறங்கின.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நல்ல விரிப்பு அந்த லாட்ஜில் இருந்தது. அலமாரியில் பத்திரமாக இருந்தது. கேட்கிறவர்களுக்காக இருந்தது! நாம்தான் கேட்கவில்லை.

ஏன் கேட்பதில்லை நாம்?

யோசித்துப் பாருங்கள். ஒரு புடவை வாங்கப் போனால் கடையையே புரட்டிப் போடுகிறோம். கால் கிலோ கத்திரிக்காய்க்குப் பத்துக் காயைத் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் ராத்திரி முழுக்க முகத்தை வைத்துப் படுக்கப் போகிற தலையணையைப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறோம்!

காரணம் இரண்டு. ஒன்று, நமக்குள் ஊறிப்போன விருந்தாளி மரியாதை. போன இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டில் அது சரி. காசு கொடுத்துத் தங்குகிற இடத்தில் நாம் விருந்தாளி மட்டும் இல்லை, வாடிக்கையாளரும்கூட. இரண்டாவது, அகால நேரம். கையில் மூட்டை முடிச்சு, தோளில் தூங்குகிற குழந்தை, கூட ஒரு நோயாளி. ‘எங்கேயாவது கட்டையைச் சாய்த்தால் போதும்’ என்கிற களைப்பு. அந்தக் களைப்பில்தான் நாம் கண்ணை மூடிக்கொண்டு சாவியை வாங்குகிறோம்.

‘லாட்ஜ்ல தங்கறவங்க பணக்காரங்க, டூர் போறவங்க, நமக்கென்ன?’ என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் தங்குவது பெரும்பாலும் வைத்தியத்துக்குத்தான். 2017ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அலைச்சல் குறைந்திருக்கிறது, நிஜம். ஆனாலும் பெரிய சிகிச்சை என்றால் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, வேலூர், சென்னை என்று கிளம்பத்தானே செய்கிறோம்?

நம்ம புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954ல் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் பல பேருக்கு வாரத்தில் ஐந்து நாள், அதுவும் பல வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். அத்தனை நாளும் நோயாளியும் கூட வந்தவரும் எங்கேயாவது தங்கித்தானே ஆக வேண்டும்? அப்போது தங்கும் அறை வெறும் அறை இல்லை. அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி! டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுக்கிற நாம், அந்த அறையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

கல் படுக்கையிலிருந்து லாட்ஜ் வரை

விருந்தாளிக்குப் படுக்கை போடுவது நமக்குப் புதுசா என்ன? சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்கப் போனவர்கள், அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்கிற குகையையும் பார்த்திருப்பீர்கள். அங்கே வழவழவென்று இழைத்த 17 கல் படுக்கைகள். ஒவ்வொன்றிலும் தலை வைக்கிற பக்கம் மேடாக, தலையணைபோல. ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்கு உள்ளூர் இளையர் செய்து கொடுத்தது என்று அறிஞர்கள் அதைப் படித்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், வெளியூர்த் துறவிக்கு நம்ம ஊர்க்காரர்கள் போட்டுக் கொடுத்த படுக்கை! மூட்டைப்பூச்சி ஒளிய அதில் ஒரு தையல்கூட இல்லை.

அப்புறம் சத்திரங்கள் வந்தன. பக்கத்தில் தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தங்கள் சத்திரங்களைப் பற்றி 1801ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்குச் சாப்பாடு போடுவது மட்டும் இல்லை. நோயோடு வருகிறவர்களுக்கு வைத்தியர், மருந்து, அவரவருக்கு ஏற்ற பத்தியச் சாப்பாடு, குணமாகும் வரை மரியாதையான கவனிப்பு என்று அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். அதாவது, தங்க வருகிறவன் உடம்புக்கும் தங்க வைக்கிறவன் பொறுப்பு.

வெள்ளைக்காரர்கள் 1867ல் கொண்டு வந்த சராய் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. சராய் என்றால் வழிப்போக்கர் விடுதி. அங்கே அறை, வராந்தா, சாக்கடை, குடிக்கிற கிணறு எல்லாவற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும். தங்கியவருக்குத் தொற்று நோய் வந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று எழுதித் தொங்கவிட வேண்டும். பிறகு 1939ல் வந்த நம் மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலும் தங்கும் விடுதிகளுக்கென்று ஒரு தனி அத்தியாயம் உண்டு.

ஆக, சுத்தமான விரிப்பைக் கேட்பது ஏதோ பட்டணத்து நாகரிகம் இல்லை. நம்ம பாட்டன் பூட்டன் காலத்து உரிமை.

ஒரு ராத்திரி என்ன செய்யும்?

‘ஒரு ராத்திரியில என்ன ஆயிடப்போவுது?’ என்று கேட்கிறீர்களா? உலகம் பார்த்த இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

1976 ஜூலை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டல். முன்னாள் ராணுவத்தினர் மாநாட்டுக்காக அங்கே கூடினார்கள். ஊர் திரும்பியதும் ஒவ்வொருவராகக் காய்ச்சல், நிமோனியா. 221 பேர் படுத்தார்கள், 34 பேர் இறந்தார்கள். காரணம் புரிய ஆறு மாதம் ஆனது. தண்ணீரில் வளர்கிற ஒரு பாக்டீரியா, ஹோட்டலின் குளிர்சாதன அமைப்பு வழியாகக் காற்றில் கலந்திருந்தது. செத்துப்போனவர்கள் நினைவாக அதற்கு லெஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். ஆள் வராமல் அந்த ஹோட்டலும் அதே வருஷம் மூடப்பட்டது.

2003 பிப்ரவரி 21. ஹாங்காங்கில் ஒரு ஹோட்டலின் ஒன்பதாவது மாடி. உடம்பு சரியில்லாத ஒரு டாக்டர் சீனாவிலிருந்து வந்து ஒரே ஒரு ராத்திரி தங்கினார். அதே ஹோட்டலில் இருந்த பத்துப் பேருக்கு மேல் தொற்றிக்கொண்டது. அவர்கள் வழியாக ஹனாய், சிங்கப்பூர், டொரண்டோ என்று சார்ஸ் நோய் உலகம் சுற்றியது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரி நடப்பது அபூர்வம். நம்ம ஊர் லாட்ஜில் நமக்கு வரப்போவது மூட்டைப்பூச்சிக் கடியும், சொறியும், கொசுக்கடியும், வழுக்கி விழுவதும்தான். ஆனால் புத்தி ஒன்றுதான். ஒரு அறையில் நமக்கு முன்னால் தங்கியவரோடும், அங்கே ஓடுகிற தண்ணீரோடும், காற்றோடும் நமக்குச் சம்பந்தம் உண்டு. வாசலில் வரைந்த கோலம் அழகாக இருப்பதால் அடுக்களை சுத்தம் என்று சொல்லிவிட முடியுமா? போனில் பார்க்கிற போட்டோவும் அப்படித்தான். புக் பண்ணின ரூம் வேறு, போட்டோவில் இருக்கிற ரூம் வேறு என்று எத்தனை பேர் அனுபவப்பட்டிருக்கிறோம்!

சாவி வாங்கும் முன் பத்து நிமிஷம்

அட்வான்ஸ் கட்டும் முன்னால் ‘ரூமைக் காட்டுங்க தம்பி, பார்த்துட்டு வர்றோம்’ என்று சொல்லுங்கள். முன்கூட்டியே பணம் கட்டி புக் செய்திருந்தாலும் பரவாயில்லை, மூட்டையைப் பிரிக்கும் முன் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவை:

படுக்கை: மேல் விரிப்பைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி, காய்ந்த ரத்தக் கறை தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். வேறு ரூம் கேளுங்கள். மூட்டைப்பூச்சி நோயைப் பரப்பும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும், அரித்துப் புண்ணாக்கும். பெட்டியில் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். வந்தால் மாதக்கணக்கில் சாப்பாடு இல்லாமலே உயிரோடு இருக்கும். அதனால் பெட்டியை மெத்தைமேல் வைக்காதீர்கள். ஸ்டூல்மேலோ, பாத்ரூம் பக்கத்துத் தரையிலோ வையுங்கள்.

போர்வை: விரிப்பைத் தினமும் மாற்றுகிற இடத்தில்கூடக் கம்பளியை மாற்றுவது அபூர்வம். சொறி சிரங்கை உண்டாக்கும் பூச்சி, மனிதர் தோலை விட்டு வெளியே வந்தாலும் இரண்டு மூன்று நாள் பிழைக்கும். நமக்கு நம்ம போர்வைதான் நல்லது. இரண்டு பருத்தி வேட்டி, ஒரு தலையணை உறை... பையில் எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்?

பாத்ரூம்: வயதானவர்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். ரூம் தரைக்கும் பாத்ரூம் தரைக்கும் நடுவில் ஒரு படி இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போகிறவருக்கு அது தெரியாது. இடுப்பு எலும்பு முறிந்தால் ஒரு குடும்பமே முடங்கிவிடும். பாத்ரூம் லைட்டை ராத்திரி முழுக்க எரிய விடுங்கள். தரையைத் துடைத்து ஈரம் போக்கிவிட்டுப் பெரியவர்களை அனுப்புங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள்.

வெந்நீர்: கேஸில் ஓடுகிற கீசர் பாத்ரூமுக்குள்ளேயே இருந்து, ஜன்னலும் இல்லை என்றால் அதைப் போடாதீர்கள். ரொம்பக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். இப்படிப் போன உயிர்கள் நம் நாட்டில் நிறைய. ஒரு வாளி வெந்நீர் வெளியிலிருந்து கொண்டுவரச் சொல்லிக் குளியுங்கள்.

குழாய்: ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ரூமாகத் தெரிந்தால், ஷவரையும் குழாயையும் திறந்துவிட்டு, வெளியே வந்து இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள். முன்னே சொன்னேனே லெஜியோனெல்லா, அது வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில்தான் வளரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வாளித் தண்ணீர்: முன்னால் இருந்தவர் பிடித்து வைத்த தண்ணீர் வாளியில் அப்படியே நின்றால் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டை இடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அது பகலில் கடிக்கிற கொசு. ‘ராத்திரி மட்டும் கொசுவர்த்தி போதும்’ என்று இருந்துவிடாதீர்கள்.

ஜன்னலும் மாடிப்படியும்: திறக்கிற ஜன்னல் ஒன்றாவது இருக்க வேண்டும். சுவரில் ஈரம் பூத்து, பூஞ்சை வாடை அடித்தால் ஆஸ்துமாக்காரர்கள் அங்கே தங்கவே கூடாது. உங்கள் ரூமிலிருந்து மாடிப்படி எத்தனையாவது கதவு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி கரோல் பாக்கில் 2019 பிப்ரவரியில் விடிவதற்குள் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்! புகையில் கண் தெரியாது. எண்ணி வைத்த கணக்குத்தான் கை கொடுக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. ரூமில் இருக்கிற குட்டி ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இன்சுலினை வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்துப் பயன்படுத்துகிற இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே நாலு வாரம் வரை தாங்கும். அட்டையில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். நம்ம ஊர் சித்திரை வெயில் என்றால் ஒரு சின்ன மண்பானை, சுற்றிலும் ஈரத்துணி. அதற்குள் தண்ணீர் படாமல் வைத்தால் போதும்.

வீடு மாதிரி... ஆனால் வீடு இல்லை

இப்போது சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி, கிரீம்ஸ் ரோடு பக்கமெல்லாம், சமையலறையோடு ஃபிளாட்டுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம், ரசம் வைக்கலாம், நாலு பேர் சேர்ந்து தங்கலாம். நல்ல விஷயம்தான். கொடைக்கானல், ஏற்காடு போகிற குடும்பங்களும் இப்போது இந்த மாதிரி வீடுகளைத்தான் தேடுகின்றன.

ஆனால் ஒன்று. லாட்ஜில் கேட்க ஒரு கவுண்டராவது இருக்கும். இங்கே சாவியை ஒருவர் கொடுப்பார், வீட்டுச் சொந்தக்காரர் இன்னொரு ஊரில் இருப்பார், ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. அதனால் உள்ளே போனதும் எந்த ஸ்விட்சையும் தொடாமல் முதலில் மோந்து பாருங்கள், கேஸ் வாடை இருக்கிறதா என்று. ஜன்னல்களைத் திறந்து பத்து நிமிஷம் காற்று வர விடுங்கள். பாத்திரங்களை ஒரு தடவை கழுவிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கூப்பிட்டால் வருகிற ஒரு ஆளின் நம்பரை வாங்காமல் அவரை வாசல் தாண்ட விடாதீர்கள்!

அவர்கள் பக்கமும் பேசுவோம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, லாட்ஜ்காரர்கள் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. புதுக்கோட்டையில் லாட்ஜ் நடத்துகிற எங்கள் தூரத்து உறவு மாமா ஒருவரிடம் இந்தத் தலையணை விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

‘நீ ஒரு பக்கம் சொல்ற. நான் ஒரு பக்கம் சொல்றேன் கேளு. தலையணை உறையில ஷூ துடைக்கிறாங்க. துண்டுல தலைச்சாயத்தைத் தேய்க்கிறாங்க, அது எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. பாத்ரூம்ல சாப்பாட்டைக் கொட்டி அடைச்சு வைக்கிறாங்க. வெத்தலைய மென்னு ஜன்னல் வழியா துப்புறாங்க. முகூர்த்த நாள்ல ஒரு பார்ட்டி காலி பண்ண ஒரு மணி நேரத்துல அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்குது. தை மாசம் ஜல்லிக்கட்டு சீசன்னா கேக்கவே வேணாம். துவைச்சது காயணும்ல?’

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாம் விட்டுப்போகிற ரூமில்தான் அடுத்து ஒரு நோயாளி வந்து படுக்கப் போகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தால், உறையில் ஷூ துடைக்க மனசு வருமா? சொந்த வீட்டில் செய்யாததை வாடகை ரூமில் செய்யாதீர்கள். காய்ச்சல், வாந்தி, பேதி என்று யாராவது படுத்திருந்தால், காலி பண்ணும்போது கவுண்டரில் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அடுத்தவர் உயிருக்கு நாம் செய்கிற உபகாரம் அது.

ஆனால் மாமா, உங்களுக்கும் ஒரு வார்த்தை! விரிப்பு காயவில்லை என்றால் காய்ந்தது வரும் வரை ரூமைக் கொடுக்காதீர்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று ஜோடி விரிப்பு வாங்கி வையுங்கள். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். கடியாபட்டியில் நகரத்தார் கட்டிய அரண்மனை மாதிரி வீட்டை ஹோட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அங்கே வெள்ளை விரிப்பு பளிச்சென்று இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவ்வளவு வாடகை கொடுக்க முடியாத, ஆவுடையார்கோயிலிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் வருகிற சம்சாரிக்கும் உடம்பு ஒன்றுதானே? பளிங்குத் தரையும் தொங்கு விளக்கும் பணத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும். துவைத்த விரிப்பு எல்லா ரூமுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்து எழுதுகிறீர்கள், சாப்பாடு எழுதுகிறீர்கள். ‘இன்னிக்கு ராத்திரி எங்கே தங்கப்போறீங்க?’ என்று ஒரு வரி கேட்கக் கூடாதா? கேட்டால், ‘சுத்தமான தலையணை உறை போடச் சொல்லுங்க’ என்று சேர்த்துச் சொல்லத் தோன்றும். சென்னையில் சில அரசு ஆஸ்பத்திரி வளாகங்களில், நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குவதற்கு மாநகராட்சி காப்பகம் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று, சுத்தமாக, வெந்நீரோடு இருந்தால் எத்தனை குடும்பங்கள் வாழ்த்தும்! சத்திரம் கட்டின மண்ணுக்கு இது பெரிய காரியம் இல்லை.

கேட்டும் மாற்றித் தரவில்லை என்றால்? முதலில் பொறுமையாக மேனேஜரிடம் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரூம் வாடகை என்பது நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஒரு சேவைதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது. நிதானமாக, முகத்தைப் பார்த்துக் கேட்டாலே போதும்.

கடைசியாக அயித்தை கதைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ‘நல்லா இருக்கும்மா, சொட்டு மருந்தை மட்டும் விடாம போடுங்க. வலி, சிவப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் நாள் கடத்தாம உடனே வாங்க’ என்றார். வெளியே வந்ததும் அயித்தை தெருவையே ஒரு சுற்றுப் பார்த்தார். எதிரே அந்த லாட்ஜ் போர்டு. ‘எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது ஆத்தா’ என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

‘நேத்து ராத்திரி எனக்கு ஒரு கண்ணுதான் தெரிஞ்சுச்சு. உனக்கு ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு? நீ ஏன் கேக்கல?’

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அடுத்த தடவை எங்கேயாவது தங்கப் போகும்போது, உங்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள். சாவியை வாங்கும் முன்னால் தலையணையைப் பாருங்கள்!